கோலம் நகர்ந்த வீடு

மழையே இல்லாத மார்கழிக் காலையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்குவது சிரமம். காயல் என்கிற உப்பங்கழியின் ஓரம், கொச்சங்காடியில் எங்கள் வீட்டில் அது வாசல் வழியாக வராது. தரை ஓடுகளின் இடுக்கில் முதலில் ஒரு ஈரக்கோடு தெரியும். காப்பி குடித்து முடிப்பதற்குள் கணுக்கால் வரை நிற்கும், சத்தமே இருக்காது. கடல் ஏறுகிற அந்த நேரத்தை இங்கே வேலியேற்றம் என்பார்கள்.

கல்லூரியில் நான் நடத்துவது அரசியல் சூழலியல். மண்ணும் நீரும் கெட்டால் லாபம் யாருக்கு, அது யார் தலையில் விடிகிறது என்று கேட்கிற புவியியல். மாணவியாக இருந்தபோது பழைய விளக்கத்தைத்தான் முதலில் படித்தேன்: ஜனங்கள் பெருகினார்கள், தாழ்வான இடத்தில் வீடு கட்டினார்கள், அனுபவிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து வந்தவர்கள் அதிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். கப்பலுக்காகக் காயலை ஆழப்படுத்தியது யார், ஓரங்களைத் தூர்த்தது யார்? அதற்கும் பின்னால் வந்தவர்கள், எதை வெள்ளம் என்று சொல்லலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டார்கள். இப்போதோ தண்ணீரும் சும்மா கிடக்கிற பொருளல்ல, அதுவும் காரியம் செய்கிறது என்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்ல உற்சாகமாகத்தான் இருக்கும். வீட்டில் அது காலடியில் வந்து நிற்கும்போது பயமாக இருக்கும்.

கடலைவிட்டுத் தள்ளி, காக்கநாட்டில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விடலாம் என்று என் கணவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிறந்த வீடு, அசைய மாட்டேன் என்றார். தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம்.

தெருவில் ஈரம் என்பதால் அந்த மார்கழியில் கோலத்தை நடைக்கு உள்பக்கம் போட்டேன். அன்று தண்ணீர் அவ்வளவு மெதுவாக ஏறியதில் அரிசிமாவு நனையவே இல்லை. கோலம் ஒரு புள்ளி கலையாமல் அப்படியே மேலே எழும்பியது. கூடத்தைக் கடந்தது, திரும்பியது, படுக்கையறைக்குள் போய் அவருடைய கட்டில் காலருகே நின்றது.

அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். "நீயாக்கும் தினம் கோலம் போட்டு விளிக்கறாய். பின்னே வராதெ இருக்குமா?" என்று சிரித்தார்.

தண்ணீரை நான்தான் அழைக்கிறேனாம். மறுநாளிலிருந்து கோலத்தை நிறுத்தினேன். மார்கழியில் வாசல் வெறுமையாகக் கிடந்தது. அவரிடம் முட்டி வலி என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாரம் வகுப்பில், பாதிக்கப்பட்டவன் மேலேயே பழியைப் போடுகிற அந்தப் பழைய விளக்கத்தை வழக்கம்போல வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது. வீட்டில் நான் செய்திருப்பதும் அதேதான். கப்பல், காயல், தூர்த்தவர்கள் எல்லாரும் மறந்துபோய், ஒரு பிடி மாவைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். என்மேலேயே எரிச்சலாக வந்தது. நாளைக்குப் பெரிதாகவே ஒரு கோலம் போடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் மாவை எடுப்பதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. வெறும் தண்ணீர். அதில் ஒரு காய்ந்த இலை, கோலம் போன அதே வழியில், அதே இடத்தில் திரும்பி, அதே கட்டில் காலருகே போய் நின்றது. தரையில் அந்தப் பக்கம் சரிவு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. தொங்கவிட்டிருந்த கால்களை மெல்லக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"போலாம்" என்றார்.

காக்கநாட்டில் எங்களுக்குப் பன்னிரண்டாவது மாடி. குடிபோன மறுநாள் காலை, பால் வாங்கக் கீழே போனவர், முன்பு இங்கே என்ன இருந்தது என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். "நெல்வயலாயிருந்நு சாரே. முட்டோளம் வெள்ளம்" என்றானாம். முழங்கால் அளவு தண்ணீர். அந்த வயலை மண் கொட்டித் தூர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அவர் மேலே வந்து இதைச் சொன்னபோது நான் புது வாசலில் குனிந்து முதல் புள்ளியை வைக்க இருந்தேன்.

"இங்க கோலம் வேண்டாம்" என்றார்.

 கையிலிருந்த மாவைத் திரும்ப டப்பாவில் போட்டு, இறுக்கி மூடினேன்.