திறந்த மைக்கும் வெட்டுப்பட்ட ஜாக்கியும்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெயில் இறங்கவில்லை. மேற்கிலிருந்து காற்று மட்டும் எழுந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடி வீட்டின் ஜன்னல் கதவை இரண்டு முறை அடித்தது. மூன்றாவது முறை அடிப்பதற்குள் கொக்கியை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போனில் இறக்கியிருந்த சீட்டு விளையாட்டுக்கு மைக் வேலை செய்யவில்லை. அனுமதி உண்டா என்று அது கேட்டபோது அவசரத்தில் இரண்டு முறை மறுத்திருந்தேன். இரண்டு முறை மறுத்தவனிடம் அது மறுபடி கேட்பதில்லை. நாமே செட்டிங்ஸுக்குள் போய், அந்த விளையாட்டின் பெயரைத் தேடிப் பிடித்து, அனுமதியைக் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பதினேழு நிமிடம் ஆனது.

இவ்வளவும் ஜீயபுரத்தில் தனியாக இருந்த என் கூட்டாளிக்காக. திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் அவர் இயந்திரப் பிரிவு, நான் கணக்குப் பிரிவு; அதனால் அவருக்கு நான் 'கணக்கு'. கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் நாலு பேர் முழங்காலுக்கு நடுவே ஒரு துண்டை விரித்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு. அவரும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே கட்சி. எதிர்க்கட்சி ஒரு மச்சானும் மாப்பிள்ளையும். இருவரும் இப்போது திருவெறும்பூரில் ஒரே வீட்டில், ஒருவர் கீழ்த்தளம், ஒருவர் மாடி.

கூட்டாளியின் மனைவி தவறியபின், பெங்களூரில் இருக்கும் மகள் அவரைத் தன்னோடு அழைத்துப்போக வந்தாள். அவர் வரமாட்டேன் என்றார். பின்கட்டில் ஒன்பது வாழை இருக்கிறது, அதை யார் பார்ப்பது என்றார். கடைசியில் அவள் எனக்கு போன் செய்தாள்.

"மாமா, அப்பா போனை எடுக்கறதே இல்ல. சாப்பிட்டீங்களான்னு கேட்டா கோவம் வருது. தினம் ஒருத்தர் காதுல அவர் சத்தம் விழணும். மூணு மாசம் பாக்கறேன். ஒரு நாள் தப்பினாலும் வீட்டைப் பூட்டிட்டு கூட்டிட்டுப் போயிடுவேன்."

நலம் விசாரித்தால் எரிந்து விழுகிற மனிதர் சீட்டுக்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் பொது அறைக்குள் போய்விட்டோம். யாரோ ஒருவன் ஹிந்தியில் எங்களைத் திட்டினான், அவன் வீட்டில் குழந்தை அழுதது. தனி அறைக்கு எண்பத்தொன்பது ரூபாய் கேட்டது. கட்டினேன். அறையின் எண்ணை மற்ற மூவருக்கும் அனுப்பினேன். நான்கு பேரும் உள்ளே வந்ததும் போன் ஊளையிட்டது.

"என்ன சார் இது, சங்கு ஊதற மாதிரி இருக்கு" என்றார் மச்சான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்கீங்களா?"

"ஆமா சார். ஒரே சோபா."

ஒருவர் போன் பேசுவதை மற்றவர் போன் வாங்கித் திருப்பி அனுப்புகிறது என்று விளக்கினேன்.

"மாப்ளே, நீ மாடிக்குப் போ."

"முட்டிவலி எனக்கு மச்சான். நீங்க போங்க."

"உன் வீடுதானேடா மாடி?"

ஆறு நிமிடம் கழித்து ஊளை நின்றது. அப்போதுதான் ஜீயபுரத்துக் குரல் முதன்முதலாகக் கேட்டது.

"என்ன கணக்கு, சீட்டைப் போடறதா, பஞ்சாயத்தா?"

பேசும் முறையிலும் இரண்டு வகை இருந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவது ஒன்று, மைக் எப்போதும் திறந்தே இருப்பது மற்றொன்று. எல்லோரையும் இரண்டாவதை வைக்கச் சொன்னேன். மகள் கேட்டது பேச்சை அல்ல, சத்தத்தை.

ஆனால் யாரும் பேசவில்லை. பஸ்ஸில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டுப் பிரித்தபின் வாயைத் திறந்தால் கூட்டாளிக்கு ஜாடை சொன்னதாக அர்த்தம். திறந்தவர் நாலு பேருக்கும் டீ வாங்க வேண்டும். அந்தச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் நாலு மணியிலிருந்து ஆறு வரை நான்கு மைக்குகளைத் திறந்து வைத்து மௌனமாக இருந்தோம். திருவெறும்பூரில் குக்கர் விசில் கேட்கும். ஒரே குக்கர்தான், இரண்டு போனிலும் வரும். என் பக்கத்திலிருந்து ஜன்னல் கொக்கி. ஜீயபுரத்திலிருந்து ஒரு மேஜை விசிறி. அது ஒரு பக்கம் திரும்பி முடிக்கும்போது கடக் என்று ஒரு சத்தம், மறுபக்கம் முடிக்கும்போது இன்னொன்று. நிமிடத்துக்கு எட்டு. ஆறு மணிக்கு நான் மகளுக்கு 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்புவேன்.

நாற்பத்தாறாம் நாள், புதன்கிழமை, ஆடிக் காற்று பலமாக இருந்தது. ஐந்து மணி அளவில் நான் ஹார்ட்டின் ஜாக்கியை இறக்கினேன். துருப்பு கிளாவர். மறைத்து வைத்திருந்த துருப்பு எது என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஹார்ட்டில் ஏழு போட்டார். அடுத்து கூட்டாளி. அவர் ஆட்டத்தில் மெதுவானவர். கொடுக்கப்பட்ட முப்பது விநாடியில் இருபத்தெட்டு விநாடி வரை யோசிப்பார். அன்று முப்பது விநாடியும் ஓடி முடிந்தது. பிறகு கிளாவர் ஒன்பது விழுந்தது.

என் ஜாக்கியை அவர் வெட்டிவிட்டார்.

ஜாக்கி தானாகவே ஜெயிக்கிற சீட்டு. தன் கட்சி ஜெயிக்கிற இடத்தில் கையிலிருக்கும் புள்ளிச் சீட்டைச் சேர்த்துப் போடுவார்களே தவிர, துருப்பை வீணாக்க மாட்டார்கள். புதிதாக ஆடுகிறவன் செய்வான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்ததில்லை. காய்ச்சலோடு ஆடிய நாளிலும், பெண் கல்யாணக் கடனில் இருந்த நாளிலும் செய்ததில்லை. விசிறி கடக் கடக் என்று சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாவிட்டால் நேரம் முடிந்ததும் இயந்திரமே ஒரு சீட்டைப் போடும் என்பது முதல் நாளே எங்களுக்குத் தெரியும். அப்போது அந்த ஆளின் படத்து மூலையில் ஓர் அடையாளம் வருமாம். என் கண்ணுக்கு அது எறும்பளவு.

"அண்ணே" என்றேன்.

விசிறி.

"அண்ணே, இருக்கீங்களா?"

"சார், டீ உங்களுது" என்றார் மாப்பிள்ளை.

"ஜாக்கிய வெட்டியிருக்கார் பாருங்க. அது அவர் இல்ல."

மச்சான், "நீங்க கெளம்புங்க சார். நாங்க இங்கேயே காதை வெச்சிட்டு இருக்கோம்" என்றார்.

ஐந்து மணி எட்டுக்கு ஆட்டோ ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரர் எண் என்னிடம் இல்லை, மகளிடம்தான் இருந்தது. அவளைக் கேட்டால் மூன்று மாதக் கெடு அன்றோடு முடிந்தது. கேட்காமல் போனால் போய்ச்சேர நாற்பது நிமிடம். காவிரிப் பாலத்தில் ஒரு லாரி நின்று வழியை அடைத்திருந்தது. போனில் ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது.

"ஏதாவது கேக்குதா?" என்றேன்.

"விசிறிதான் சார். இப்ப உங்களுக்கும் மெஷின் ஆடுது. ரெண்டு மெஷினும் சேர்ந்து எங்களை ஜெயிச்சிட்டு இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

பாலத்தின் நடுவில், நான்கு நிமிடம் நகராமல் இருந்தபின், மகளைக் கூப்பிட்டேன். அவர் விழுந்து கிடந்தால் நாற்பது நிமிடம் நீளம். அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டி வந்தால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நான் பக்கத்து வீட்டுக்குச் சொல்றேன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டாளி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. குலை தள்ளிய வாழை ஒன்று காற்றில் சாய, முட்டுக் கொடுக்க மூங்கிலோடு ஓடியிருக்கிறார். வாய்க்கால் ஓரத்தில் வழுக்கி, கணுக்கால் பிசகி, எழ முடியாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டிருக்கிறார், காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தூக்கி வந்திருந்தார்கள். மேஜையில் போன், அதற்கு எதிரே விசிறி.

"எப்படித் தெரிஞ்சுது?"

"என் ஜாக்கிய வெட்டினீங்க."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "கிளாவர் ஒம்பதாலயா? அறிவு கெட்ட மெஷின்" என்றார்.

அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். எலும்பு முறியவில்லை. கட்டுத் துணியும் மாத்திரையும் நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.

மறுநாள் காலை மகள் வந்தாள். நானும் மறுபடி போயிருந்தேன், இம்முறை தெரிந்தவர் ஒருவரின் பைக்கில், செலவில்லாமல். அவள் பெட்டியைத் திறந்து அப்பாவின் வேட்டிகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"அப்பா, ஒரு நாள் தப்பினா என்னன்னு சொல்லியிருந்தேன்."

"எங்க தப்புச்சு? அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாரு. உன் வீட்டுல நீயும் உன் வீட்டுக்காரரும் ஆபீஸ் போனப்புறம் நான் விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"கேமரா வெப்பேன்."

"கேமரா நாற்காலியைக் காட்டும். நான் ஜாக்கிய வெட்ட மாட்டேன்னு கேமராவுக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவருக்காகப் பேசவில்லை. போனை உள்ளே விட்டுவிட்டு வெளியே போனது தவறு, விசிறி ஓடுவதைக் கேட்டு ஆள் இருக்கிறார் என்று நாங்கள் நம்பியதும் தவறு என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த வேட்டியை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு தன் அடையாள அட்டை தொங்கிய நாடாவைக் கழற்றி, போன் உறையின் துளையில் கோத்து, அப்பாவின் கழுத்தில் மாட்டினாள்.

"இது கழுத்துல இருக்கணும். ஆடும்போதும், வாழைக்குப் போகும்போதும். மூணு மாசம் முடியட்டும்."

"மாடு மாதிரி இருக்கு" என்றார் அவர். ஆனால் கழற்றவில்லை.

அடுக்கிய வேட்டிகளை அவள் அலமாரியில் திருப்பி வைத்தாள். அன்று மாலை நாலு மணிக்கு நான்கு மைக்கும் திறந்தன. விசிறியோடு இப்போது போன் சட்டைப் பொத்தானில் உரசும் சத்தமும் வந்தது. சீட்டுப் பிரிப்பதற்கு முன் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கணக்கு, நேத்து ஆட்டத்து நடுவுல வாயைத் திறந்தீராமே. டீ எங்க?"

திருவெறும்பூர்க்காரர்கள் இருவரும் சாட்சி சொன்னார்கள். ஆபத்துக்குப் பேசியது கணக்கில் வராது என்று வாதாடினேன். ஆபத்தைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை என்றார் மச்சான். இரண்டு டீக்கான முப்பது ரூபாயைத் திருவெறும்பூருக்கு போனிலேயே அனுப்பினேன். மற்ற இரண்டையும் அன்று காலையே ஜீயபுரம் கடையிலிருந்து வாங்கி வந்து அவரும் நானும் குடித்திருந்தோம், காசு நான்தான் கொடுத்திருந்தேன். அதுவும் முப்பது. தனி அறை, ஆட்டோ போக வர எண்ணூறு, மருந்து, டீ எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொண்ணூற்று நான்கு ரூபாய்.