பாலமுருகன் அண்ணனின் சின்ன அசைவுகள்

செய்தி ஆபீஸ் குரூப்பில் வந்தது. பாலமுருகன் அண்ணன் உடையார்பாளையத்தில், தம் வீட்டில், காலையில் காலமானார். கீழே சிலர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, இன்றைக்கு அனுப்ப வேண்டிய வேலை தயாரா என்று யாரோ கேட்டிருந்தார்கள். தயார் என்று எழுதினேன். பிறகு பஸ் ஏறினேன்.

பெரம்பலூரில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். போனோடு இணைக்கும் கீபோர்டும் கேம் கன்ட்ரோலரும் ஒழுங்காக வேலை செய்ய ஒரு செயலி செய்கிறோம். புகார்களைப் பார்த்தது அவரும் நானும்.

நான் சேர்ந்தபோது இரட்டை எழுத்துப் புகார். கீபோர்டில் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போனில் எழுத்து இரண்டாக விழுந்தது.

"ஒரு தடவ சொன்னா ரெண்டு தடவ கேக்குது, நித்யா. எங்க வூட்ல ரெண்டு தடவ சொன்னாலும் ஒருத்தரும் கேக்கறதில்ல" என்றார். மதியத்துக்குள் சரிசெய்தார்.

அடுத்தது ஸ்டிக், கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குமிழ். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் யாரும் தொடாமலே ஸ்டிக் ஒரு பக்கமாகச் சாயும். விளையாட்டில் ஆள் தானாக நடந்துபோவான். தா.பழூரிலிருந்து ஒருவர் போனில் கத்தினார்: "நான் டீ குடிச்சிட்டிருக்கேன் சார். அவன் பாட்டுக்குப் போயி கெணத்துல விழுறான்."

அண்ணன் ஸ்டிக்கின் நடுவே ஒரு வட்டம் வைத்தார். டெட்ஸோன் என்போம். அந்த வட்டத்துக்குள் நடக்கும் அசைவை போன் பொருட்படுத்தாது. வட்டத்தைத் தாராளமாகவே வைத்தார்.

"சின்ன அசைவெல்லாம் வெரல் இல்ல. குப்ப."

பிறகு அவர் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவத் தொடங்கியது. நரம்பு நோய். மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்னதை அவர் எங்களிடம் ஒரு புகாரைப் போலவே படித்துக் காட்டினார். கால் போனது. குரல் போனது. வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதன் கீழே ஒரு கன்ட்ரோலரை வைத்தோம். ஸ்டிக்கைத் தள்ளினால் திரையில் ஒரு குறி எழுத்துகளின் மேல் நகரும். நிற்கும் எழுத்து பதிவாகும். அப்படித்தான் அவர் பேசினார்.

விரல் தளரத் தளர, அவர் வைத்த வட்டமே அவர் தள்ளுவதை விழுங்கியது. வட்டத்தைச் சுருக்கச் சொன்னார். அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், சுருக்கினேன். மறுபடி சுருக்கினேன். எழுத்துகள் எட்டாமல் போனபோது நான்கு சொற்களே போதும் என்றார். இடம் அவரே சொன்னார். மேலே தண்ணி. கீழே வலி. இடப்பக்கம் வேணும். வலப்பக்கம் போதும்.

அதற்கு மாறும் முன் அவர் எழுத்தெழுத்தாக எனக்கு எழுதிய கடைசி வாக்கியம்: "வட்டத்த எடுத்துடு. எல்லாத்தயும் கேக்கட்டும்."

"எடுத்தா ஸ்டிக் தானா ஓடுமே அண்ணே?"

வெகுநேரம் கழித்து ஒரு சொல் வந்தது: "ஓடட்டும்."

எடுத்தேன். அதன்பின் அவர் தள்ளுவதும் ஸ்டிக் சாய்வதும் ஒரே அளவு. புது கன்ட்ரோலர் வாங்கிப் பார்த்தோம். கொஞ்ச நாளில் அதுவும் சாய்ந்தது. கண்ணிமையும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. எது அவர், எது ஸ்டிக் என்று பிரிக்க ஒரு வழி இருக்கும் என்று தேடினேன். இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். உள் அறையில் கட்டில் காலி. கன்ட்ரோலர் தலையணை மேல். போன் சார்ஜில். திரையில் குறி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அணைக்காதீங்கன்னு சொல்லிட்டேன். ஏதாச்சும் சொல்றானான்னு பாரு பாப்பா."

"ஸ்டிக் தானா நகருதும்மா."

"அவன் இருக்கையிலயும் இப்படித்தானே நகந்துச்சு."

நான் திரையருகே குனிந்தேன்.

"கடைசியில ரெண்டு வாய் கஞ்சிக்கே போதும்னு வந்துரும். நானும் நிறுத்திடுவேன். அது அவன்தானே?"

குறி வலப்பக்கம் போய் நின்றது. போதும். ஒரு நடுக்கம். மறுபடி போதும்.

"அவர்தாம்மா" என்றேன்.

அம்மா தலையசைத்தார். நம்பினாரா, தெரியவில்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லாமல் இறங்கினேன், அண்ணே. உள்ளே அந்தப் போன் இன்னும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.