நோட்பேடே போதும்

சத்யப்ரியாவுக்கு ஊத்தங்கரைப் பக்கம். கம்ப்யூட்டர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, 2004இல் ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கணினி மையத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். மாலை வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி ஆட்கள். முதல் ஷிப்ட் முடிந்த கையோடு, சட்டையில் எண்ணெய் வாடை போகாமல் வந்து உட்காருவார்கள்.

அவர்களில் ஒருவர் சென்றாயன். அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை விரல்கள் இரண்டைப் பறிகொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் ஸ்டோர்ஸில் சாமான் கணக்கு எழுத உட்காரலாம், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

முதல் நாள் அவருக்கு வேர்டைத் திறந்து கொடுத்தாள். இடது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஆங்கிலத்தில் தன் பெயரை அடித்தார். அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் கோடு.

"எம் பேரே தப்புங்குதுங்களே மேடம்."

"அதுக்கு இங்கிலீஷ் வார்த்தை மட்டுந்தாங்க தெரியும். நீங்க பாட்டுக்கு அடிங்க."

அடுத்து எங்கோ கைபட்டு எழுத்தெல்லாம் சாய்ந்துகொண்டது. மேலே இருந்த பொத்தான் வரிசை ஒன்று காணாமல் போயிற்று. எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்.

அன்று வகுப்பு முடிந்ததும் சத்யப்ரியா வேர்டு, வேர்டுபேட், நோட்பேட் மூன்றையும் திறந்து பார்த்தாள். புதிதாக வருபவருக்கு என்ன வேண்டும்? அடிக்க வேண்டும், அழிக்க வேண்டும், சேமிக்க வேண்டும், சேமித்ததைத் திறக்க வேண்டும். வேர்டுபேடிலும் கைபட்டுக் கெடப் பொத்தான்கள் இருந்தன. நோட்பேடில் வெள்ளைப் பக்கம்தான். கோடு போடாது, குறுக்கே பேசாது. அதையே வைத்துக்கொண்டாள்.

சென்றாயனைப் போன் போட்டு வரவழைத்தாள். பத்துப் பன்னிரண்டு மாலைகளில் அவர் கை பழகிவிட்டது. ஸ்டோர்ஸ் சாமான்களின் பெயர்களை அடித்து, சேமித்து, மறுநாள் தானே திறந்து காட்டினார்.

மையத்தின் முதலாளி ஜெகதீஷுக்கு இது பிடிக்கவில்லை. "போர்டுல எம்எஸ் ஆபீஸ்னு எழுதி வெச்சிருக்கோம். நீ வெள்ளைத்தாளக் காட்டிட்டிருக்கற."

"பயம் போவட்டும் சார். அடுத்த மாசம் வேர்டுக்குப் போயிடலாம்."

அடுத்த மாதம்வரை கம்பெனி காத்திருக்கவில்லை. திடீரென்று திங்கட்கிழமை பரீட்சை என்றார்கள். சனிக்கிழமை அவசர அவசரமாக வேர்டைக் காட்டத் தொடங்கினாள். பாதியில் கரண்ட் போய்விட்டது.

திங்கள் மாலை சென்றாயன் மாடியேறி வந்தார்.

"வேர்டுல கட்டம் போட்டு எழுதச் சொன்னாங்க. நோட்பேடுல அடிக்கட்டுங்களான்னு கேட்டேன். சிரிச்சிட்டாங்க. நின்னுக்கச் சொல்லிட்டாங்க மேடம்."

சத்யப்ரியா நாற்காலியை விட்டு எழுந்தாள். "மொதல்லயே வேர்டு சொல்லிக் குடுத்திருக்கணும். என் தப்புதாங்க."

"அதுலயே உக்கார வெச்சிருந்தா நான் ரெண்டாம் நாளே வந்திருக்க மாட்டேன்." கணினிப் பக்கம் திரும்பினார். "சித்த நேரம் அடிச்சிட்டுப் போவட்டுங்களா?"

வழக்கமான இடத்தில் உட்கார்ந்து நிதானமாக ஏதோ அடித்தார். அவள் எட்டிப் பார்க்கவில்லை. மூடும்போது, சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. எழுத்துக் கூட்டிப் படித்து, வேண்டாம் என்பதை அழுத்தினார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினார். அந்த வாரமே குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

ஜெகதீஷ் சொன்னபடி, அடுத்து வந்து சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே வேர்டைத் திறந்து கொடுத்தாள். வாரம் முடிவதற்குள் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். எது சரி என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மறு வருடம் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதாலேயே அதில் போய்ச் சேர்ந்தாள்.