அக்காவின் நீலப் பாவாடை

அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில் அக்காவின் பள்ளிச் சீருடை இன்னும் இருக்கிறது. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. போன ஞாயிறு அதை வெளியே எடுத்தபோது மடிப்புக்குள்ளிருந்து நூல் பிசிறுகள் உதிர்ந்தன. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். சீருடை அவளுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான், அதுவும் வேலைக்குப் போவதற்காக!

அப்பா படுக்கையில் விழுந்த வருடம், தாராவியில் எங்கள் சந்து முனையில் இருந்த தையல் பட்டறையில் அவளைச் சேர்த்தார்கள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டும் வேலை. முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சொந்தமில்லை. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் அதுவே சொல்கிறது. மனுஷனுக்கு அது போதாதா? ஜூன் பிறந்ததும் பட்டறைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சீருடை எடுத்துவிடுவார். "தங்கமான மனுசன், புள்ளையளுக்குத் துணி எடுத்துக் குடுக்காவ" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் இரண்டு பேரும் ஒரே நீலப் பாவாடையில் கிளம்புவோம். சந்து முனையில் நான் பள்ளிக்குத் திரும்புவேன், அவள் பட்டறைக்குள் நுழைவாள். என் பாவாடையில் பேனாக் கறை, அவளுடையதில் நூல் பிசிறு. அம்மா இரண்டையும் ஒரே வாளியில் ஊறவைப்பாள்.

ஒரு நாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்தாராம். அக்கா அதை வீட்டில் நடித்தே காட்டினாள். இவள் தன் தங்கை மகள், பள்ளி முடிந்து வந்திருக்கிறாள் என்று முதலாளி இந்தியில் சொல்ல, எந்த வகுப்பு என்று அதிகாரி அவளிடம் கேட்டிருக்கிறார். சொல்லிக் கொடுத்தபடியே, "அஞ்சாங் கிளாஸ், காலை ஷிப்ட்" என்றாளாம். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டாக நடக்கும். அவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். "எனக்குப் பயமே இல்லட்டி" என்று சிரித்தாள். அந்த ஆள் ஒரு வரி படிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

நான் இப்போது சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். அந்தக் குடும்பத் தொழில் விதிவிலக்கு அப்படியேதான் இருக்கிறது. வகுப்பில் அதை நடத்திய அன்று புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறென்ன கிழித்துவிட முடியும் என்னால்?

போன ஞாயிறு பாண்டுப்பிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "எதுவரைக்கும் படிச்சிருக்கம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார். அக்கா தயங்கவே இல்லை.

"அஞ்சாங் கிளாஸ் அத்தை. காலை ஷிப்ட்."

ஷிப்டை யார் கேட்டார்கள்?

அவர்கள் போன பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். பாவாடையை விரித்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் நைந்திருந்தது. பேனாக் கறை ஒன்றுகூட இல்லை.