எம்.எல்.ஏ.வின் மைக்கை நிறுத்தியது யார்?

இன்று திருக்கோவிலூரிலிருந்து மணலூர்பேட்டை போகும் பேருந்தில், மடியில் ஆம்ப்ளிஃபயரோடு ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டங்களுக்கு மைக் செட் போடுபவராம்.

எங்கள் எம்.எல்.ஏ.வைப் பற்றிப் பேச்சு வந்தது. "சொந்தக் கட்சியையே தட்டிக் கேக்குற நடுநிலையான மனுஷன்" என்றேன்.

அவர் சிரித்தார். "மேடை ஏறும்போதே என்னாண்ட கேப்பாரு சார், மாவட்டச் செயலாளர் வந்துட்டாரான்னு. வரலைன்னாதான் கட்சியத் திட்டுவாரு."

"வந்துட்டா?"

"ஒரே புகழ்ச்சிதான். போன மாசம் திட்டிக்கினு இருக்கும்போதே செயலாளர் காரு வந்துடுச்சி. எம்.எல்.ஏ.வே மைக்க நிறுத்துன்னு எனக்குக் கண்ணக் காட்டுனாரு. நிறுத்திட்டேன். மறுநாளு எவனோ ஃபேஸ்புக்ல, உண்மையப் பேசுனதால மைக்க ஆஃப் பண்ணிட்டாங்கன்னு எழுதிட்டான். பழி எம்மேல வுழுந்துடுச்சி. அதுலேர்ந்து ஒரு கூட்டத்துக்கும் என்னக் கூப்புடறதில்ல. இப்ப காதுகுத்துக்குப் போய்க்கினு இருக்கேன்."

அந்தப் பதிவை எழுதியது நான்.

"யார் எழுதுனாங்கன்னு தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சா வுடுவனா சார்?"

ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன்.

அந்தப் பதிவை இப்போதுதான் நீக்கினேன். பகிர்ந்தவர்கள் நீங்களும் நீக்கிவிடுங்கள். வீட்டில் விசேஷம் இருந்தால் சொல்லுங்கள், மைக் செட்டுக்கு நல்ல ஆள் இருக்கிறார். அவரிடம் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.