திருவூடல் தெருவில் உண்ணாமலை

எனக்கு வாய் ஜாஸ்தி. செங்கம் ரோட்டில் வேதா என்று கேட்டால், "அந்த வாயாடியா?" என்றுதான் வழி காட்டுவார்கள். காட்டட்டும். வாய் இல்லாவிட்டால் இந்தக் காலத்தில் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

எங்கள் லைன் வீட்டில் பக்கத்து அறைக்கு உண்ணாமலை தனியாகக் குடிவந்தபோது அவள் இடது கையில் மாவுக்கட்டு.

"கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்க்கா" என்றாள்.

"எந்தக் கெணத்துக்குடி அஞ்சு வெரல் இருக்கு?" என்று கேட்டேன். கழுத்தில் அப்படியே பதிந்திருந்ததே, எனக்குக் கண் இல்லையா? அவள் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

புருஷன் மணிவேல். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறான். ஊரில் கேட்டுப் பாருங்கள், தங்கமான பிள்ளை என்பார்கள். அந்தத் தங்கம், கல்யாணமான புதிதிலேயே அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டதாம். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள தாழ்ப்பாள் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கழற்றினானாம், பாவி! அதனால்தான் அவனை விட்டு இங்கே வந்த பிறகும் அவளுக்குத் தூக்கம் இல்லை. படுப்பாள், எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள், திறந்து மறுபடி போடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கட்டுப் பிரித்ததும் நான் வேலை செய்யும் விடுதியிலேயே அவளையும் சேர்த்துவிட்டேன். ஒருநாள் தெருவில் மணிவேலின் பைக் மாதிரியே ஏதோ ஒரு பைக் படபடவென்று போயிற்று. அவ்வளவுதான், பக்கெட்டைப் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டாள். தட்டினேன், கெஞ்சினேன், திட்டினேன். மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அவர்கள் டவுனில் இருக்கும் மையத்துக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே மனநல ஆலோசகர் தமிழ்செல்வி. முதல் சில தடவை உண்ணாமலை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சொல்றேன் மேடம், அந்தக் கட்டையில போறவன்..." என்று ஆரம்பித்தேன்.

"வேதாம்மா, அவங்களுக்காக நீங்க பேசாதீங்க. வீட்ல எல்லாரும் அதத்தான் பண்ணியிருக்காங்க. அவங்களே பேசட்டும், எத்தினி நாள் ஆனாலும்" என்றார் தமிழ்செல்வி.

என் வாயை மூட வைத்த ஒரே ஆள் அந்தம்மாதான்.

அப்புறம் உண்ணாமலை மெல்ல மெல்லப் பேசினாள். அழுதாள். அந்தம்மா அவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்: "பயம் வந்தா பாதத்தைத் தரையில அழுத்தி வெச்சுக்கோ. கண்ணு முன்னாடி இருக்கறத ஒண்ணொண்ணா வாய்விட்டுச் சொல்லு. நீ அந்த வீட்ல இல்ல, இங்க இருக்கேன்னு உடம்புக்குத் தெரியணும்." விடுதி வராந்தாவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வெளிறிப்போய் நின்றுகொண்டு சொல்வாள்: "பக்கெட்டு... தொடப்பம்... வேதாக்கா... வேதாக்கா வாய்..." அதைச் சொல்லும்போது லேசாகச் சிரிப்பும் வரும். கொழுப்பு!

இப்படித் தேறிக்கொண்டு வரும்போதுதான் பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று அவள் அண்ணன் சக்கரபாணி வாழைத்தாரோடு வந்து நின்றார்.

"அம்மா உன்ன நெனச்சு சோறு திங்கல. சாயங்காலம் திருவூடலுக்கு அம்மாவும் வருது, பாத்துட்டு வந்துடலாம், வாம்மா."

எங்கள் ஊர் வழக்கம் அது. அன்றைக்குத் திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை வரும். பிருங்கி முனிவர் சாமியை மட்டும் கும்பிட்டு அம்மனை மதிக்கவில்லை என்று அம்மனுக்குக் கோபம். கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மறுநாள் சாமி மலையைச் சுற்றி வந்த பிறகு சமாதானம். இதைச் சேர்ந்து பார்த்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை தீரும் என்பார்கள். அதற்காகவே பிரிந்திருக்கும் பெண்களைச் சொந்தக்காரர்கள் கூட்டிவந்து நிறுத்துவதும் உண்டு.

உண்ணாமலை தமிழ்செல்விக்குப் போன் செய்தாள். "போறதும் போகாததும் உன் இஷ்டம். போனா வேதாவோட போ. திரும்பி வர ஆட்டோவ இப்பவே பேசி வெச்சுடு" என்றார் அவர். பேசி வைத்தோம். அம்மாவுக்காகப் போகிறேன் என்றாள்.

தெருவில் நிற்க இடமில்லை. மேளம் காதைப் பிளந்தது. சாமி முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருந்தார். அவள் அம்மா எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே உண்ணாமலையின் கை என் கைக்குள் சில்லிட்டது. எதிரே மணிவேல். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பூப்பொட்டலம்.

"மாப்ள திருந்திட்டாரும்மா. சாமி முன்னாடி கையப் புடிச்சுக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் சக்கரபாணி. அடப்பாவி மனுஷா!

மணிவேல் சிரித்த முகத்தோடு அருகில் வந்து அவளுடைய இடது கையைப் பிடித்தான், ஒடிந்த கையை. "வண்டி ரெடியா நிக்குது. கூட்டத்துல அசிங்கம் பண்ணாம வா" என்றான். குரல் ஏறவே இல்லை. விரல்கள் மட்டும் இறுகிக்கொண்டே போயின.

என் வாய்க்குள் கெட்ட வார்த்தைகள் வரிசை கட்டி நின்றன. அவங்களே பேசட்டும் என்று அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஐயோ, பேசுடி, பேசேன்டி! அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் அழுத்தி நின்றிருந்தாள்.

"தீவட்டி... குடை... மாலை..."

"இன்னா மொணமொணக்கிற?" என்றார் அண்ணன்.

"மேளக்காரரு... அம்மன்... அம்மன் திரும்பிட்டா. போறா. கதவச் சாத்திக்கப் போறா."

நிமிர்ந்தாள்.

"அண்ணா, அம்மன யாரும் அடிக்கல. மதிக்கலன்றதுக்கே கதவச் சாத்திக்கிறா. எனக்குக் கையே ஒடஞ்சுதுண்ணா."

பிறகு மணிவேலைப் பார்த்து, மேளத்தையும் மீறிக் கத்தினாள்: "கைய எட்றா!"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஊருக்குத் தங்கமாக இருப்பவனுக்கு ஊர் பார்த்தால் ஆகாதே. கையை விட்டான். பூப்பொட்டலம் கீழே விழுந்தது. ஏதோ முனகிக்கொண்டே கூட்டத்துக்குள் நழுவினான்.

சக்கரபாணி விடவில்லை. "நாளைக்கு அம்மனே சேந்துடுவாளேம்மா" என்றார்.

"சேரட்டும்ணா. சாமி கை நீட்டலயே."

ஆட்டோவில் உண்ணாமலை வழி நெடுக நடுங்கினாள், அழுதாள், ஓரிடத்தில் இறங்கி வாந்தியும் எடுத்தாள். "நாளைக்கு மேடத்தப் பாக்கணும்க்கா. அவன் மறுபடி வருவான்" என்றாள். வருவான், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். "தூக்கம் வருதுக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஒரே ஒரு முறை தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மறுபடி கேட்குமா என்று சோற்றுத் தட்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை.