முன்வரிசை காலி

நாற்பது ஆண்டு ஐஸ்லாந்துக் கடலில் வலை வீசியவர் தோர்கில்ஸ். அன்று விடியலில் அவர் மகன் படகெடுத்துப் போயிருந்தான். மதியம் நானும் அவரும் கடற்புயல் படத்துக்குப் போனோம்.

“இதெல்லாம் ஒரு அலையாய்யா? குளிக்கிற தொட்டியில எடுத்திருக்கான்!” என்று கத்தினார்.

முன்வரிசையில் இருந்த கடல் மீட்புத் தொண்டர்கள், எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடைவேளையில் அவர்களுடைய கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள். தோர்கில்ஸைத் தாண்டிப் போன ஒருவனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் மறுபடி தொடங்கியது. அதே போலி அலை எழுந்தது.

“கிளம்பலாமாண்ணே?” என்றேன்.

“முடியட்டும்யா. வெளிய போனா யாராவது எங்கிட்ட சொல்லிடுவாங்க.”